பிரதமரையும் விட்டுவைக்காத தூரிகை

வட்டவளைப் பக்கத்து மழையை அறியாதவர் மலைநாட்டில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் ரொசெல்லைக்கு இப்பால் வானம் எது, மலை எது என்று பிரித்தறிய முடியாது. அத்தகைய நாட்களில் லயத்து இஸ்தோப்பில் அடைபட்டுக் கிடக்கும் சிறுவர்களுக்குப் பொழுதுபோக்கு ஒன்றுதான். அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொள்ளுவார்கள்; தைப்பொங்கலுக்கு வெள்ளை பூசிய சுவரைத் தேடிச் செல்வார்கள். சற்று நேரத்தில் பருத்த வயிறும் நீண்ட மீசையுமாக ஒரு கங்காணியாரோ, தொப்பியும் கைத்தடியுமாக ஒரு துரையோ அங்கே தோன்றிவிடுவார். வீட்டுப் பெரியவர்கள் சுவர் பாழாயிற்றே என்று வைவார்கள். அக்கம் பக்கத்தார் எட்டிப் பார்த்து, “அட, அவரேதான்!” என்று வாய்விட்டுச் சிரிப்பார்கள். கேலிச்சித்திரம் என்னும் கலை முழுவதும் அந்த ஒரு சிரிப்பிலே அடங்கியிருக்கிறது.

இவ்வாறு பள்ளிப் பருவத்தில் கிறுக்கத் தொடங்கிய ஒரு சிறுவன், பிற்காலத்தில் வைசிராய்களையும் பிரதம மந்திரியையும் தன் தூரிகையால் ஆட்டிவைத்தான். அதன்பின், தன் ஆயுளின் பெரும்பகுதியைச் சிறுவர்களை மகிழ்விப்பதற்கென்றே செலவிட்டான். அவர்தாம் இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் கே. சங்கர் பிள்ளை. ‘சங்கர்’ என்ற பெயரே அவர் கையொப்பம். உலகம் அவரை அறிந்ததும் அப்பெயராலேயே.

திருவிதாங்கூர் சமஸ்தானத்திலே காயங்குளம் என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் திகதி சங்கர் பிறந்தார். அவருடைய முதல் கேலிச்சித்திரம் எது தெரியுமா? வகுப்பறையிலே உறங்கிவிட்ட தம் உபாத்தியாயரின் உருவந்தான்! பையன் அதைத் தத்ரூபமாக எழுதிவிட்டான். படம் தலைமை ஆசிரியரின் பார்வைக்குப் போயிற்று. அவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்விடத்திலேயே இந்தக் கலைஞனின் கதை முடிந்திருக்கலாம். எத்தனையோ சிறுவர்களின் கதை அப்படித்தான் முடிகிறது. நல்ல வேளையாகச் சங்கருக்கு ஒரு மாமா இருந்தார். ‘கைவண்ணம் உள்ள பிள்ளை’ என்று கண்டு அவர் ஊக்கமளித்தார். மாவேலிக்கரையிலுள்ள இரவிவர்மா சித்திரப் பாடசாலையில் சங்கர் முறையாக ஓவியம் கற்றார். பின்னர் திருவனந்தபுரத்தில் விஞ்ஞானம் பயின்று, 1927-இல் பட்டம் பெற்று, சட்டம் படிக்கவென்று பம்பாய்க்குப் புறப்பட்டார்.

சட்டப் படிப்பு நிலைக்கவில்லை. இடையிலே அதைக் கைவிட்டு உத்தியோகம் தேடிக்கொண்டார். ஆனால் ஓய்வு வேளைகளில் எழுதிய சித்திரங்கள் ‘பிரீ பிரஸ் ஜேர்னல்’, ‘பம்பாய் குரோனிக்கிள்’ ஆகிய பத்திரிகைகளில் வெளிவந்தன. உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறாத காலம் அது. அரசியலைப் பற்றி எதைச் சொன்னாலும் கேட்க ஜனங்கள் ஆவலாயிருந்தனர். 1932-இல் டில்லி ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் போத்தன் ஜோசப் இவரைத் தம் பத்திரிகைக்கு முழுநேரச் சித்திரக்காரராக அழைத்துக்கொண்டார். 1946 வரை சங்கர் அங்கே பணிபுரிந்தார். இடையில் ஏறக்குறைய 14 மாதங்கள் இலண்டனிலே தங்கிச் சித்திரப் பள்ளிகளில் பயிற்சி பெற்றும், பாரிஸ், பெர்லின், ரோம், வியன்னா முதலிய நகரங்களைக் கண்டும் திரும்பினார்.

அக்காலத்து வைசிராய்களான வில்லிங்டன் பிரபுவும் லின்லித்கோ பிரபுவும் கூட, தம்மைக் கேலி செய்த இந்தப் படங்களைக் கண்டு இரசித்தனர் என்பது வியப்புக்குரிய செய்தி. ஆள்பவனின் ஆசனத்தைக் கேள்விக்கு உள்ளாக்குபவனை ஆள்பவனே ஏன் இரசிக்கிறான்? தன் உருவம் பத்திரிகையில் வருவது தன் முக்கியத்துவத்துக்கு ஓர் அத்தாட்சி என்று அவன் எண்ணுவதும் ஒரு காரணமாகலாம். அதைவிட முக்கியமாக, சங்கரின் கோட்டிலே வன்மம் இருக்கவில்லை. கேலிச்சித்திரக்காரன் முகத்தில் ஓர் அங்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுகிறான். மூக்கோ, மோவாயோ, வழுக்கையோ எதுவாயினும் சரி. அதைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சிறிதாக்குகிறான். பெரிதாக்குவதிலே அளவு தவறினால் ஆள் அடையாளம் தெரியாது. அளவு குறைந்தால் சிரிப்பு வராது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வழி மயிரிழை போன்றது.

அந்த வழியில் கால் இடறும் அபாயத்தை அவருக்கு எடுத்துரைத்தவர் மகாத்மா காந்தி. 1939-இல், ஜின்னா அவர்களைக் குறித்துச் சங்கர் வரைந்த சித்திரங்கள் தொடர்பாகக் காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சித்திரங்கள் கலை என்ற அளவில் நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் உண்மை பிசகினாலோ, பிறர் மனம் புண்படாமல் நகைக்கத் தெரியாவிட்டாலோ இத்தொழிலில் உயர முடியாது. பரிகாசம் கடிக்கக் கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம். ‘கடிக்காத கேலி’ என்பது பல் இல்லாத வாள் போன்றதல்லவா என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவுக்குச் சங்கர் வாழ்நாள் முழுவதும் தம் தூரிகையாலேயே விடை தேடினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே 1939-ஆம் ஆண்டு மலைநாட்டுத் தமிழருக்கும் மறக்க முடியாத ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் பண்டித ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்திருந்தபோதுதான் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. நேருஜியின் படம் மாட்டாத லயத்து வீடு அரிது என்னும்படி அவர் பெயர் இங்கே வேரூன்றிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நேருஜிதான் சங்கரின் தூரிகைக்கு மிகவும் விருப்பமான முகம். நேருஜியைக் குதிரைக்காரராகவும், பாகவதராகவும், பல்வேறு கோலங்களிலும் வரைந்து தள்ளினார். எவரேனும் நேருஜியிடம் சென்று கோள் சொன்னால் பலன் இராது. நம் அகந்தையின் திரை அவ்வப்போது கிழிபடுவது நல்லதே என்று கருதியவர் அவர்.

1948-ஆம் ஆண்டு மே மாதத்தில் சங்கர் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். இங்கிலாந்தின் ‘பஞ்ச்’ போல, இந்தியாவுக்கென்று ஒரு நகைச்சுவை வாரப் பத்திரிகை. பெயர் ‘சங்கர்ஸ் வீக்லி’. அதைத் தொடங்கிவைத்தவர் பிரதம மந்திரி நேரு. அப்போது அவர் சங்கரிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே: என்னையும் விட்டுவைக்காதீர்கள்! சங்கர் அவ்வேண்டுகோளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. டில்லியிலே பிரதமரைப் பார்த்துக் குடிமக்கள் சிரிக்கலாம் என்று ஒரு பத்திரிகை பிறந்த அதே 1948-இல், இலங்கையில் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், சில ஆண்டுகளுக்குள் வாக்குரிமையையும் இழந்தனர். நாடற்றோர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. ஆள்பவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் முதலில் ஒரு நாட்டிலே காலூன்றி நிற்க இடம் வேண்டும் அல்லவா?

‘சங்கர்ஸ் வீக்லி’ ஒரு பத்திரிகை மட்டுமன்று. அது ஒரு குருகுலம். அபு ஆப்ரகாம், ஓ. வி. விஜயன், ரங்கா, குட்டி என்று பிற்காலத்தில் இந்தியாவெங்கும் பிரசித்தி பெற்ற சித்திரக்காரர்கள் சங்கரின் நிழலில் வளர்ந்தவர்களே. ‘இவ்வார மனிதர்’ என்று ஒருவரைப் பிடித்து, உருவத்தையும் குணத்தையும் சித்திரத்தாலும் எழுத்தாலும் அலசும் பகுதிக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. தமிழிலே ‘ஆனந்த விகடன்’ மாலி முதலியோரால் இக்கலை சிறந்தது. நம் நாட்டிலோ, ‘தினகரன்’ பத்திரிகையில் சவாரித்தம்பரைச் சிருஷ்டித்த சுந்தர் என்னும் சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ என்று முழுக்க முழுக்கச் சிரிப்புக்கே ஒரு சஞ்சிகை நடத்தினார். தனி ஒருவர் தூரிகையை நம்பி ஒரு பத்திரிகை நடத்துவதன் சிரமம், அதைச் செய்து பார்த்தவர்க்கே தெரியும்.

சங்கரின் சித்திரம் யாரையும் கடித்ததே இல்லையா? 1949 ஆகஸ்டில் அவர் ஒரு படம் வரைந்தார். இந்திய அரசியலமைப்பு ஒரு நத்தையாக ஊர்கிறது. அதன் மேல் டாக்டர் அம்பேத்கர் கையில் சவுக்குடன் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருஜியும் சவுக்கை ஓங்கி நிற்கிறார். சட்டம் எழுதி முடிய இவ்வளவு தாமதமா என்பதே கேலி. அதே ஆண்டு நவம்பர் 26-இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, படமும் மறக்கப்பட்டது. 2006-இல் அது ஒரு பள்ளிப் பாடநூலிலே மறுபடி அச்சேறியது. 2012 மே மாதத்தில் இந்தியப் பாராளுமன்றத்தில் அதைக் குறித்துப் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. அம்பேத்கரைச் சவுக்கின் முன்னே காட்டுவதா என்று கேட்டனர். படம் நீக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. பாடநூற் குழுவின் ஆலோசகர் இருவர் பதவி விலகினர். பரம்பரை பரம்பரையாகச் சவுக்கடியின் நினைவைச் சுமந்து வரும் மக்களுக்கு ஒரு சவுக்கு வெறுஞ் சித்திரமாகத் தோன்றாது. தோட்டத்து வரலாறு அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், வரைந்தவன் நினைத்தது நத்தையையே என்பதும் உண்மை. ஒரு கோடு வரையப்படும்போது ஒரு பொருளும், 63 ஆண்டுகள் கழிந்தபின் வேறு பொருளும் கொள்ளுமாயின், அக்கோட்டை மாணவருக்கு மறைப்பதைவிட, இரண்டு பொருளையும் விளக்கிச் சொல்லும் ஆசிரியரே நமக்குத் தேவை என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

இனி, சிறுவர்களின் சங்கரைப் பார்ப்போம். உறங்கிய உபாத்தியாயரை வரைந்து வசவு வாங்கிய பையன் அவருள் எக்காலமும் விழித்தே இருந்தான் போலும். பத்திரிகை தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1949-இல், சிறுவருக்கென்று ஒரு சித்திர, எழுத்துப் போட்டியை ஆரம்பித்தார். முதலில் இந்தியச் சிறுவர்க்கென அமைந்த போட்டி, விரைவிலே கடல்களைத் தாண்டி உலகச் சிறுவர் போட்டியாக வளர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து படங்கள் டில்லிக்கு வந்து குவிந்தன; இலங்கைச் சிறுவரும் பரிசு பெற்றுள்ளனர். 1952 முதல், பிள்ளைகளை ஓரிடத்திலே கூட்டி, அங்கேயே காகிதம் கொடுத்து, அப்போதே வரையச் சொல்லும் போட்டியும் நடந்தது. பெற்றோரும் ஆசிரியரும் கை கொடுக்க முடியாத ஏற்பாடு என்பதால் இது தனிச் சிறப்புடையது!

இப்போட்டியின் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சித்திரம் பயில வசதியான பாடசாலையோ, விலையுயர்ந்த வர்ணப் பெட்டியோ தேவையில்லை. ஒரு தாள், கைக்கெட்டிய வர்ணம், ஒரு தபாலுறை, இவ்வளவே மூலதனம். பெரியவர் வரைந்ததைப் பார்த்து நகலெடுப்பதைவிட, தான் கண்டதைத் தன் கண்ணால் கண்டபடி வரையும் பிள்ளையே உயர்ந்தவன் என்ற கருத்து இதன் பின்னே இருந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் தாயை, கவ்வாத்து வெட்டிய மலையை, மழையில் நனைந்து நிற்கும் வட்டவளைப் புகையிரத நிலையத்தைத் தினந்தோறும் காணும் பிள்ளையிடம் பொருளுக்கு என்ன குறை?

அடுத்தது பொம்மைக் கதை. 1950-களின் தொடக்கத்திலே, ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒருவர், சிறுவர் போட்டியில் பரிசாக அளிக்கும்படி ஒரு பொம்மையைச் சங்கரிடம் கொடுத்தார். அந்நாட்டு உடையுடுத்த அப்பொம்மையின் அழகில் ஐம்பது வயதை நெருங்கிய மனிதர் குழந்தை போல மயங்கிவிட்டார். அது முதல், நேருஜியின் வெளிநாட்டுப் பயணங்களில் பத்திரிகையாளராக உடன் செல்லும் போதெல்லாம், சென்ற நாட்டிலே பொம்மை தேடுவது அவருக்கு வழக்கமாயிற்று. மற்றப் பத்திரிகையாளர் மந்திரிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பொம்மைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்த பொம்மைகளை வீட்டு அலுமாரியில் பூட்டிவைக்க அவர் எண்ணவில்லை. அயல்நாடு செல்ல வழியில்லாத ஏழைப் பிள்ளைகளும் உலகத்தைக் காணட்டும் என்று, சிறுவரின் சித்திரங்களோடு பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தார். ஆனால் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் பொம்மைகள் சிதைந்தன. டில்லியில் நடந்த ஒரு காட்சிக்கு நேருஜியும் மகள் இந்திரா காந்தியும் வந்தபோது சங்கர் இக்கவலையை வெளியிட்டார். இவற்றுக்கு நிலையான ஓர் இடம் அமைத்தால் என்ன என்று இந்திரா காந்தி யோசனை கூறினார். அதன் விளைவே டில்லி நேரு இல்லத்திலுள்ள சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலை. சுமார் 1,000 பொம்மைகளுடன் 1965 நவம்பர் 30-இல் ஜனாதிபதி டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். நாளடைவில் 85 நாடுகளைச் சேர்ந்த 6,500 பொம்மைகளாக அது பெருகிற்று. இலவசமாக வாங்கிக்கொண்டே இருப்பது தகாது என்று, அங்கேயே ஒரு தொழிற்கூடம் அமைத்து, கதகளி ஆடுவோர், மணமக்கள் முதலிய இந்தியப் பொம்மைகளைச் செய்வித்து, பிற நாடுகளுக்குப் பண்டமாற்றாக அனுப்பினார்கள்.

புத்தகத் துறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. அந்நாளில் இந்தியக் குழந்தைகளின் கைக்குக் கிடைத்த அழகிய ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. அவற்றில் பனி பெய்யும், பைன் மரம் நிற்கும். மாமரத்தையும் யானையையும் காண்பது அரிது. விலையோ சாமானியருக்கு எட்டாது. 1957-இல் சங்கர் குழந்தைகள் புத்தக நிலையத்தை ஸ்தாபித்தார். நல்ல எழுத்து, நல்ல படம், நல்ல அச்சு, கட்டுபடியாகும் விலை: இவையே அதன் நோக்கம். தாமே பல கதைகளை எழுதிப் படமும் வரைந்தார். கேரளத்துப் பெரிய குடும்பம் ஒன்றிலே தாத்தாவுடன் வளரும் ராஜா என்னும் குறும்புக்காரப் பையனின் கதையான ‘தாத்தாவுடன் வாழ்க்கை’ அவற்றுள் பேர்பெற்றது. 1968-இல் சிறுவர் மாத சஞ்சிகை ஒன்றும் தொடங்கப்பட்டது. நேரு இல்லத்திலேயே சிறுவருக்கான நூலகமும் உண்டு.

1975 ஜூனில் இந்தியாவில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது. 27 ஆண்டுகள் நடந்த ‘சங்கர்ஸ் வீக்லி’, அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ஆம் திகதி இதழுடன் நின்றது. விடைபெறும் தலையங்கத்தில், சர்வாதிகாரம் சிரிப்பைத் தாங்காது, ஜனங்கள் சர்வாதிகாரியைப் பார்த்தே சிரித்துவிடக் கூடுமல்லவா என்ற கருத்தும், ஹிட்லரின் ஆட்சிக் காலம் முழுவதிலும் நல்ல நகைச்சுவை ஒன்றும் தோன்றவில்லை என்ற கருத்தும் இருந்தன. அப்போது ஆட்சியிலிருந்தவர் எவர்? பொம்மைகளுக்கு நிலையான இடம் வேண்டும் என்று யோசனை கூறிய அதே இந்திரா காந்தி! தந்தை, என்னை விட்டுவைக்காதே என்றார். மகளின் காலத்தில் பத்திரிகை மூடப்பட்டது. மறு ஆண்டு, 1976-இல், அதே அரசாங்கம் சங்கருக்குப் பத்மவிபூஷண் விருதளித்துக் கௌரவித்தது. 1956-இல் பத்மஸ்ரீயும் 1966-இல் பத்மபூஷணும் முன்னரே பெற்றவர் அவர். பத்திரிகை மட்டும் இருந்திருந்தால், இந்த நிகழ்ச்சியையே அவர் ஓர் அருமையான சித்திரமாக்கியிருப்பார்! அக்குறையை அவர் சீடர் அபு தீர்த்தார். குளியல் தொட்டியில் இருந்தபடியே ஜனாதிபதி அவசரச் சட்டங்களில் கையொப்பமிடும் அவருடைய சித்திரம் 1975 டிசம்பரிலே வெளிவந்து சரித்திரப் பிரசித்தி பெற்றது.

பத்திரிகை போயிற்று, போட்டியும், புத்தகமும், பொம்மையும் நின்றன. 73 வயதான சங்கர் அவற்றிலேயே முழு மூச்சாய் ஈடுபட்டார். 1989 டிசம்பர் 26-இல் அவர் காலமானார். 1991-இல் இந்தியத் தபால் இலாகா அவருடைய சித்திரங்களைத் தாங்கிய முத்திரைகளை வெளியிட்டது.

அவர் பெற்ற கௌரவங்களுள் ஒன்றை மட்டும் குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போலந்து நாட்டிலே ‘புன்னகை விருது’ என்று 1968-இல் ஏற்படுத்தப்பட்ட விருது ஒன்று வழங்கப்பட்டு வருகிறது. குழந்தைகளுக்கு மகிழ்ச்சியளித்த பெரியவர்களைக் குழந்தைகளே முன்மொழிவார்கள். அரசாங்கங்களுக்கு அதில் வேலையில்லை. விருது பெறுபவரின் தோளை ஒரு ரோஜா மலரால் தொடுவார்கள். அதன்பின் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சைச் சாற்றை நீட்டுவார்கள். சர்க்கரை கிடையாது, முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்துப் புன்னகை புரிய வேண்டும் என்பது அவ்விருதின் விதி. தம் பத்திரிகையை மூடிய இரண்டாம் ஆண்டில், 1977-இல், சங்கருக்கு அவ்விருது கிடைத்தது.